மீளா வழிச்செலவு: செவ்வாய்க்குச் செல்ல ஒருப்படுவார் உளரோ?

மாந்தர் புவியை விட்டுப் பிறிதொரு கோளிற் குடியேறுவர் என்னும் எண்ணம் ஒருகாலத்திற் கற்பனைக் கதைகளுக்கே உரியதாயிருந்தது. இன்று அது பொறியியலாளரும் அரசாங்கங்களும் பெருஞ் செல்வரும் கணக்கிட்டுப் பார்க்கும் கருமமாகிவிட்டது. அக்கணக்கினிடையே ஒரு வினா அடிக்கடி எழுகின்றது. செவ்வாய்க்குக் கொண்டுசென்று இறக்குவோம், ஆனால் திரும்பக் கொண்டுவருதல் எம்மால் இயலாது என்று வெளிப்படையாகக் கூறி ஆட்களை அழைத்தால், தாமாக முன்வருவார் உளரோ? சாதகக் கட்டத்திற் செவ்வாய் நிற்கும் இடத்தை நோக்கிப் பெண் கொடுக்கவும் கொள்ளவும் தயங்கும் சமூகத்தினராகிய நமக்கு இவ்வினா வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் மீளாப் பயணம் என்பது நம்மவர்க்குப் புதியதன்று. ஆதலின் இவ்வினாவை நமது வரலாற்றோடு இணைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், மீளுதல் ஏன் அரிதாயிற்று என்பதை ஆராய்வாம். புவியும் செவ்வாயும் ஞாயிற்றை வெவ்வேறு கதியிற் சுற்றிவருவன. அவை மிக நெருங்கும் காலத்தும் இடைத்தூரம் ஏறத்தாழ ஐந்தரைக் கோடி கிலோமீற்றருக்குக் குறையாது. விலகி நிற்கும்போது நாற்பது கோடியை எட்டும். குறைந்த எரிபொருளிற் செல்லத்தக்க வாய்ப்பு 26 மாதங்களுக்கு ஒருமுறையே வாய்க்கும். 2013 நவம்பர் 5ஆந் திகதி சிறீகரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான் என்னும் இந்திய விண்கலம் 2014 செப்டெம்பர் 24ஆந் திகதியே செவ்வாயின் சுற்றுவழியை அடைந்தது. தமிழர்களாகிய மயில்சாமி அண்ணாதுரை, எஸ். அருணன் ஆகியோர் முன்னின்று நடத்திய அம்முயற்சி நமக்குப் பெருமை தருவது. அக்கலமும் மீளாப் பயணமே மேற்கொண்டது. ஆனால் அது பொறி. அதன்பொருட்டு அழுவார் எவருமிலர்.

மனிதர் செல்வதாயின் நிலைமை வேறு. செவ்வாயின் ஈர்ப்பு நமது புவியீர்ப்பின் நூற்றுக்கு 38 பங்கு. அதனை முற்றாக விட்டு நீங்குதற்குச் செக்கனுக்கு 5 கிலோமீற்றர் வேகம் வேண்டும். அவ்வேகத்தை அளிக்கும் எரிபொருளையும் அதனை எரிப்பதற்கான ஒட்சிசனையும் புவியிலிருந்தே சுமந்து செல்லவேண்டுமாயின், அச்சுமையைத் தூக்குதற்கு மேலும் எரிபொருள் வேண்டும். அவ்வெரிபொருளைத் தூக்குதற்கு மேலும் வேண்டும். செவ்வாய்த் தரையிலிருந்து நால்வரை மேலேற்றுதற்கு ஏறத்தாழ 7 தொன் எரிபொருளும் 25 தொன் ஒட்சிசனும் தேவையென நாசா நிறுவனத்தார் கணித்துள்ளனர். அங்கே வளிமண்டல அமுக்கம் நமது வளிமண்டல அமுக்கத்தின் நூற்றிலொரு பங்கினும் குறைவு; அதனுள்ளும் நூற்றுக்கு 95 பங்கு காபனீரொட்சைட்டு. சராசரி வெப்பநிலை நீரின் உறைநிலைக்குக் கீழ் 60 பாகை செல்சியசு அளவினது. திரும்பும் பயணத்தை நீக்கிவிட்டாற் சுமையும் செலவும் பெரிதுங் குறையும் என்பது வெளிப்படை. மீளாப் பயணம் என்னும் எண்ணம் வீரத்தினின்று பிறந்ததன்று, சிக்கனத்தினின்று பிறந்தது.

இவ்வெண்ணத்தின் வரலாறு சிறிது பழமையானது. 1961 மே மாதத்தில் அமெரிக்க அதிபர் கெனடி தமது நாட்டுக்கு ஓர் இலக்கை வகுத்தபோது, மனிதனைச் சந்திரனில் இறக்குவது மட்டுமன்றி அவனை நலமே திரும்பக் கொணர்வதையும் அதன்கண் சேர்த்துக் கூறினார். அடுத்த ஆண்டே ஜோன் கோர்ட், லெனாட் சீல் என்னும் பொறியியலாளர் இருவர், ஒருவனை முதலிற் சந்திரனுக்கு அனுப்பிவிட்டு, அவனை மீட்கும் வழியைப் பின்னர் ஆக்கிக்கொள்ளலாம் என ஒரு திட்டத்தை முன்வைத்தனர். அத்திட்டம் ஏற்கப்படவில்லை. 2010இல் பௌதிக அறிஞர் போல் டேவிஸ் என்பாரும் ஷூல்சே மகூக் என்பாரும் செவ்வாய்க்கு மீளாப் பயணமாகக் குடியேற்றக்காரரை அனுப்பலாம் என்று கட்டுரை எழுதினர். பின்னர் ஒல்லாந்து தேசத்தவரான பாஸ் லான்ஸ்டோர்ப் என்பவர் மார்ஸ் வண் என்னும் அமைப்பை நிறுவி, 2012இல் தமது திட்டத்தை உலகறிய அறிவித்தார். நால்வர் நால்வராக மக்களைச் செவ்வாய்க்கு அனுப்புதல், அவர்கள் அங்கேயே வாழ்ந்து அங்கேயே மடிதல், அவர்தம் வாழ்வைத் தொலைக்காட்சியிற் காட்டிப் பொருள் ஈட்டுதல் என்பனவே அத்திட்டத்தின் சாரம்.

மேற்கூறிய வினாவுக்கு இவ்வமைப்பு ஒருவகையில் விடை தந்தது எனலாம். 2013இல் அழைப்பு விடுக்கப்பட்டபோது இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விருப்பந் தெரிவித்தனர் என அவ்வமைப்பினர் கூறினர். கட்டணஞ் செலுத்தி விண்ணப்பத்தை நிறைவு செய்தோர் சில ஆயிரவரே என்பது பின்னர் வெளிவந்தது. அவர்களுள் 1,058 பேர் முதலிலும், 2015 பெப்ருவரியில் ஐம்பது ஆடவரும் ஐம்பது பெண்டிருமாக நூற்றுவரும் தெரிந்தெடுக்கப்பட்டனர். அந்நூற்றுவருள் இந்தியர் மூவர் இருந்தனர். ஆயின் கப்பலும் இல்லை, கலமும் இல்லை. 2019 சனவரியில் அவ்வமைப்பின் வணிகப் பிரிவு கடனிறுக்க இயலாததாகச் சுவிற்சர்லாந்து நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டது. இரண்டு இலட்சத்தை விட்டுச் சில ஆயிரத்தையே கணக்கிற் கொள்ளினும், முன்வருவார் உளர் என்பதில் ஐயமில்லை. கணினியின் முன்னிருந்து பெயர் பதிதல் வேறு, கலத்தின் வாயிலில் நின்று தாயை நோக்குதல் வேறு என்பதும் உண்மையே. எனினும் நால்வரே வேண்டப்படுமிடத்து நாலாயிரவர் விரும்பினர் என்றால் ஆட்குறை ஒரு தடையாகாது.

ஆகவே முன்வருவார் உளரோ என்பதிலும், அவர்தம் உடன்பாடு எத்தகையது என்பதே ஆழமான வினாவாகும். ஈண்டு இரண்டு கருத்துக்களை வேறுபடுத்திக் கொள்ளல் நன்று. ஆபத்து என்பது வேறு. மீளாமை என்பது வேறு. 1969இற் சந்திரனில் இறங்கியோர் திரும்ப இயலாது போயின் அதிபர் நிக்சன் வாசித்தற்கென ஓர் உரை முன்னரே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அவர்கள் ஆபத்தை ஏற்றனர், மீளாமையை ஏற்றாரல்லர். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையார் தாமே வந்து உடனிருந்தார் எனப் புறநானூற்றால் அறிகின்றோம். அது சாதற்கென்றே மேற்கொண்ட நோன்பு. செவ்வாய்ப் பயணத்தை விரும்புவோர் சாக விரும்புவோரல்லர். வேறோரிடத்தில் வாழ விரும்புவோர். இவர்களுக்கு ஒப்பாவோரை நோக்கவேண்டின், அயல்நாடு சென்று அங்கேயே மடிந்தவரை நோக்குதல் வேண்டும். கோவாவிற் பிறந்த யோசேவாஸ் அடிகள் 1687இல் ஏழைத் தொழிலாளி வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். கத்தோலிக்கக் குருமாரை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலம் அது. தமிழும் சிங்களமும் பயின்று, தாயகந் திரும்பாமலே 1711இற் கண்டியிற் காலமானார். யாருடைய வற்புறுத்தலுமின்றி, வருவதை அறிந்து, தம்மை மட்டுமே பணயமாக வைத்து வந்தவர் அவர்.

இவ்வொரு வாழ்விலிருந்து மூன்று அளவுகோல்களை நாம் பெறலாம். செல்பவன் செல்லுமிடத்தின் இயல்பை மெய்யாக அறிந்தானா? இருக்குமிடத்தில் இருக்கவும் இயன்ற நிலையிற் செல்லத் துணிந்தானா? தன்னை மட்டுமே பிணைத்தானா, பிறரையும் பிணைத்தானா? இம்மூன்றும் பொருந்தினாலன்றித் தன்விருப்பு என்னுஞ் சொல் முழுப்பொருள் பெறாது.

முதலாவதை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய இடங்களிலிருந்து இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்தனர். தேயிலைச் செடியின் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் எனக் கங்காணிமார் ஆசை காட்டினர் என்று மலையகத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. வந்தவர் தாமாகவே வந்தனர் என்பது உண்மை. எதற்கு வந்தனர் என்பதை அறியாது வந்தனர் என்பதும் உண்மை. செவ்வாய்க்கு அழைத்தோரும் ஒருவகைத் தேங்காயையே காட்டினர். 2014இல் மசாச்சுசெற்சு தொழினுட்பக் கழகத்து ஆய்வாளர் மார்ஸ் வண் திட்டத்தைக் கணித்துப் பார்த்தனர். உணவுக்காகக் கூடாரத்துள் வளர்க்கும் பயிர்கள் அளவுக்கு மிஞ்சிய ஒட்சிசனை வெளிவிடும். அதனாற் தீப்பற்றும் அபாயம் மிகும். மிகையை வெளியேற்றும்போது நைதரசனும் கூடவே வெளியேறும். நைதரசன் தீர்ந்தபின் உள்ளமுக்கம் குறைந்து, ஏறத்தாழ 68ஆம் நாளில் முதற் சாவு நேரும் என்பது அவர்தம் முடிபு. திட்டத்தினர் இதனை மறுத்தனர். எங்ஙனமாயினும், விண்ணப்பித்தோர் இக்கணக்கைக் கண்டு பெயர் கொடுத்தாரல்லர். கணக்கு வெளிவருமுன்னரே அவர்கள் பெயர் கொடுத்துவிட்டனர்.

இரண்டாவது அளவுகோல் நமது காலத்துக்கு மிக அண்மையது. 1986 ஓகத்து மாதத்திற் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீன்பிடிகாரர் கண்டெடுத்துக் காத்தனர். 2010 ஓகத்தில் சன் சீ என்னுங் கப்பல் 492 பேரைச் சுமந்து பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து அந்நாட்டின் மேற்குக் கரையை அடைந்தது. அவர்களை எவரும் கட்டி ஏற்றவில்லை. தாமே பணங் கொடுத்து ஏறினர். ஆயினும் அவர்களைத் தொண்டர் என்றோ துணிகர யாத்திரிகர் என்றோ கூறுதல் பொருந்துமா? தன் வீடு எரிந்துகொண்டிருக்கும்போது சாளரத்தால் குதிப்பவன் குதித்தலை விரும்பினான் என்று எவரும் சொல்லார். புவியில் வாழ்தல் அரிதாகிவிட்டது, ஆதலாற் செவ்வாய்க்குச் செல்வோம் என்று கூறுவார் சிலர் இன்று உளர். அவர் கூற்று மெய்யாகுமாயின், அங்குச் செல்வோர் தொண்டராகார், ஏதிலிகளே ஆவர். தன்விருப்பான பயணத்துக்கு முதல் வேண்டற்பாடு, விட்டுச் செல்லும் இடம் வாழத்தக்கதாக இருத்தலே.

மூன்றாவது அளவுகோலே மிகக் கடுமையானது. மலைநாட்டுக்கு வந்தோர் தம் ஒப்புதலைத் தந்தனர் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே பிறந்த மக்கள் யாருக்கு என்ன ஒப்புதல் கொடுத்தனர்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இலால் பகதூர் சாத்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இற் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோருட் பலர் அக்கரையை அதற்குமுன் கண்ணாற் கண்டவரல்லர். அரசாங்கங்கள் அதனைத் தாயகந் திரும்புதல் என்று எழுதின. பாட்டன் புறப்பட்ட ஊருக்குப் பேரனைத் திருப்பி அனுப்புதல் பேரனுக்குத் திரும்புதலாகாது. அதுவும் ஒரு மீளாப் பயணமே. இங்கே தங்கியோருள் நாடற்றவராய் எஞ்சியோரின் குறை தீருதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரையிற் காத்திருக்க நேர்ந்தது.

செவ்வாயிற் பிறக்கும் குழவியின் நிலை இதனினும் அரிதாகும். புவியீர்ப்பின் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்ட ஈர்ப்பில் ஒரு குழவி கருவிலிருந்து வளர்ந்ததில்லை. ஈர்ப்புணராத நிலையிற் சில மாதங்கள் தங்கி மீளும் விண்வெளி வீரருக்கே என்பும் தசையும் நலிவடைகின்றன. அங்கே வளர்ந்த பிள்ளை பிற்காலத்திற் புவிக்கு வர விரும்பினும் அதன் உடல் புவியின் பாரத்தைத் தாங்குமோ என்பது பெரியதோர் ஐயம். தந்தை ஒப்பமிட்ட தாள் மகனுடைய என்பின்மேல் எழுதப்படுகின்றது. இதனை எந்த உடன்படிக்கையால் நேர்செய்வது? குடியேற்றம் என்னுஞ் சொல்லைப் பயன்படுத்துவோர் முதலில் விடையிறுக்கவேண்டிய வினா இதுவே.

பிணைக்கப்படுவோர் பிறக்கவிருப்போர் மட்டுமல்லர். பின்னே நிற்போரும் ஆவர். நமது அகத்திணை மரபிற் பிரிவுக்குரியது பாலை. பொருள்வயிற் பிரியும் தலைவன் கார்காலத்தில் மீள்வேன் எனப் பருவங் குறித்துச் செல்வான். அவன் செலவழுங்குதலும் செல்லாமைக்கன்று. அவளை ஆற்றுவித்தபின் செல்லுதற்கேயாம். பாலையின் துயரமனைத்தும் மீள்வான் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்தது. மலாயாவுக்குச் சென்ற யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரும் ஓய்வூதியத்தோடு ஊர் மீளும் நாளை எண்ணியே சென்றனர். மீள்வதற்குப் பருவமே குறிக்கப்படாத பிரிவுக்கு நம் முன்னோர் திணை வகுத்தாரல்லர். இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிற் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருக்கத் தனித்து வாழும் முதியோர் பலர். அவர்களுக்கு ஓர் ஆறுதலுண்டு. தொலைபேசியை எடுத்தால் மறுகணமே மகளின் குரல் கேட்கும். செவ்வாய்க்குச் சென்ற மகளை நலமா என்று கேட்டால், கோள்கள் நெருங்கி நிற்கும் காலத்தும் விடைக்கு ஆறு நிமிடம், விலகி நிற்கும் காலத்து நாற்பது நிமிடத்துக்கு மேலும் காத்திருத்தல் வேண்டும். ஒளியின் வேகத்தை மிஞ்சும் தபாற்காரன் இலன்.

வகுப்பறையில் இவ்வினாவை மாணவரிடம் விடுத்தபோது பாதிக்கு மேற்பட்ட கைகள் விரைந்து எழுந்தன. அம்மாவிடம் கேட்டீர்களா என்றதும் சில கைகள் தாழ்ந்தன. தாழாத கைகளை நாம் குறைவாக மதித்தலாகாது. அத்தகைய கைகள் இல்லாதிருந்தால் கடலுக்கப்பாலுள்ள நிலங்கள் மனிதரைக் கண்டிரா. தாழ்ந்த கைகளையும் கோழைமை என்று கருதலாகாது. தன் முடிபு தன்னோடு நிற்பதன்று என்பதை அவை உணர்ந்தன.

அங்ஙனமாயின் மீளாப் பயணத்தை அறவே விலக்குதல் வேண்டுமா? அன்று. வரலாறு வேறொரு வழியையும் காட்டுகின்றது. 1860 அக்டோபரில் துரூரோ என்னுங் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நவம்பர் 16ஆந் திகதி தென்னாபிரிக்காவின் டேர்பனை அடைந்தது. 1911 வரையில் நேற்றாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்தம் ஒப்பந்தத்திற் பத்தாண்டுகளின் பின் கட்டணமின்றித் திரும்பும் உரிமை எழுதப்பட்டிருந்தது. அவ்வுரிமையிருந்தும் மிகப் பலர் அங்கேயே தங்கினர். அத்தங்கல் ஒரு தெரிவு. பின்னர் ஆட்சியாளர் தங்குவோர்மீது மூன்று பவுண் வரி விதித்து அத்தெரிவைக் கெடுக்க முயன்றபோது அதனை எதிர்த்துச் சிறைசென்றோருள் தில்லையாடி வள்ளியம்மை ஒருவர். தில்லையாடியைத் தம் பெயரில் மட்டுமே தாங்கி, யோகானசுபேக்கிற் பிறந்து, 1914இல் பதினாறாம் அகவையில் அங்கேயே மறைந்தவர் அவர். 1816இல் யாழ்ப்பாணம் வந்து 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடக்கிய டானியல் பூவர் என்னும் அமெரிக்கர் இடையில் தாயகஞ் சென்றும் மீண்டு வந்து, 1855இல் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். செவ்வாய்க் குடியேற்றத்தைப் பற்றி 1951இலேயே நாவல் எழுதிய ஆதர் சி. கிளார்க், 1956இல் இலங்கைக்கு வந்து, நினைத்தபோதெல்லாம் இங்கிலாந்துக்குச் செல்லக்கூடியவராயிருந்தும், 2008 மார்ச்சு 19ஆந் திகதி கொழும்பிற் காலமாகிப் பொரளை மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். கதவு திறந்திருந்தமையாலேயே இவர்கள் தங்கியமைக்குப் பொருளுண்டாயிற்று.

எனவே செவ்வாயை நாடும் நாடுகளுக்கு முதற்கடமை ஆள் தேடுதலன்று. திரும்பும் வழியைத் தேடுதலாகும். அதற்கான சிறு தொடக்கம் நிகழ்ந்தும் உள்ளது. 2021 பெப்ருவரியிற் செவ்வாயில் இறங்கிய பேர்சிவரன்சு ஊர்தியிலிருந்த மொக்சி என்னும் கருவி, அங்குள்ள காபனீரொட்சைட்டிலிருந்து ஒட்சிசனைப் பிரித்தெடுத்தது. 2023 வரையில் அது ஆக்கியது 122 கிராம். வேண்டுவதோ 25 தொன். இடைவெளி மிகப் பெரிதாயினும் அக்கருவியின் நோக்கம் கவனிக்கத்தக்கது. அங்கேயே ஒட்சிசன் ஆக்கப்படுமாயின் அது மூச்சுக்கு மட்டுமன்றித் திரும்பும் றொக்கெற்றுக்கும் உதவும்.

நம் மாணவருள் ஒருவர் பிற்காலத்தில் இவ்வழைப்புக்குச் செவிசாய்க்கக்கூடும். அவரைத் தடுப்பது ஆசிரியர் தொழிலன்று. செல்லுமிடத்தைப் பற்றிச் சொல்லப்படுவது மெய்யா, இருக்குமிடம் உன்னைத் துரத்துகின்றதா, உன் ஒப்பம் எவரெவரைப் பிணைக்கின்றது என்னும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்குதலே நமது தொழில். அவற்றுக்கு விடை கண்ட பின்னும் ஒருவர் கை எழுமாயின், அக்கைக்கு உரியவருக்குத் திரும்பி வருவதற்கான சீட்டு ஒன்றையும் கொடுத்து அனுப்புதல் அனுப்புவோர் கடன். அதனைப் பயன்படுத்துவதும் விடுவதும் அவர் விருப்பம்.